வங்கி வேலையை விட்டுவிட்டு எழுத்துப் பயிற்சியில் சேரலாமா? புத்தகமும் போட்டுத் தருகிறார்களாம்

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு தனியார் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். வயது 41. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். கணவர் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார், வருமானம் ஒரு மாதம் போல் இன்னொரு மாதம் இருக்காது. வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருடம் ஓட வேண்டும்.

கல்லூரிக் காலத்திலிருந்தே எழுதுகிறேன். முன்பு வார இதழ்களில் கதைகள் வந்திருக்கின்றன. இப்போது நகைக்கடன் கவுண்டரைச் சுற்றி ஒரு நாவல் பாதியில் நிற்கிறது. கிளை வேலை, டார்கெட், மாலை ஏழு மணி கூட்டம் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் பேனா பிடிக்கவே தெம்பில்லை.

ஆன்லைனில் ஓர் எழுத்துப் பயிற்சி விளம்பரம் பார்த்தேன். ஆறு மாதம், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஜூமில் வகுப்பு, கட்டணம் 38,000 ரூபாய். முடிக்கும்போது நம் புத்தகம் அச்சில் வருவது உறுதியாம், "முழுநேர எழுத்தாளராக மாறுங்கள்" என்றும் போட்டிருக்கிறார்கள். போனஸ் வந்ததும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாம் என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

தேனிக்காரன்:
மேடம், ஒருவர் உங்கள் கவுண்டருக்கு வந்து, "வேலையை விட்டுவிட்டு நாவல் எழுதப் போகிறேன், தனிநபர் கடன் கொடுங்கள்" என்றால் கையெழுத்துப் போடுவீர்களா?

காவிரிக்கரை:
போடமாட்டேன். ஆனால் அந்த ஆளை நாவலில் வைத்துக்கொள்வேன் :)

இரண்டாம்பாரம்:
மதுரையில் சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். முதலில் கணக்கைப் போட்டுவிடலாம், மற்றதை அப்புறம் பேசுவோம்.

160 பக்க நாவல், விலை 200 ரூபாய் என்று வையுங்கள். வழக்கமான ராயல்டி, அதாவது எழுத்தாளர் பங்கு, விலையில் 10 சதவீதம். பிரதிக்கு 20 ரூபாய். அந்த 38,000 திரும்பி வர 1,900 பிரதி விற்க வேண்டும். அறிமுக எழுத்தாளரின் முதல் பதிப்பை இப்போது பலரும் 300, 500 என்றுதான் அடிக்கிறோம். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபின் 50, 100 என்றும் அடிக்கிறார்கள். 500 பிரதியும் விற்றுத் தீர்ந்தால் உங்கள் கைக்கு வருவது 10,000 ரூபாய். அதுவும் ஒரே மாதத்தில் வராது. நிறையப் பதிப்பகங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கின்றன. கேட்டால்தான் பார்ப்பவர்களும் உண்டு.

மீதி 180 ரூபாய் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்குமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பிறகு காகிதம், அச்சு, அட்டை, கிடங்கு, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் கடை வாடகை. நூலக ஆணை கிடைத்தால்தான் எங்களைப் போன்றவர்கள் மூச்சு விடுவோம். வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கிற நூலக வரியில்தான் பொது நூலகத் துறை புத்தகம் வாங்குகிறது. அது எந்த வருடம் வரும், எத்தனை பிரதிக்கு வரும் என்று சொல்லி வைத்துத் தொழில் நடத்த முடியாது.

"புத்தகம் அச்சில் வருவது உறுதி" என்பதில் மயங்காதீர்கள். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் முகமையின் இணையதளத்தில் தனி ஆளே விண்ணப்பிக்கலாம். வடிவமைப்புக்கு ஆள் பிடித்து, அட்டை போட்டு, ஐம்பது பிரதி அடிக்க எந்த வகுப்பும் தேவையில்லை. அச்சடிப்பது இன்று ரொம்ப சுலபம், அடித்ததைத் தெரியாத ஒரு ஆள் காசு கொடுத்து வாங்க வேண்டுமே, அங்கேதான் எல்லோரும் திணறுகிறோம்.

விடியற்கோழி:
இந்தக் கணக்கைக் காட்டிக் காட்டியே எத்தனை பேரை வேலையிலேயே உட்கார வைத்துவிட்டோம்! நான் ஐடியை விட்டு வந்தவன். என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியர், அந்தச் சம்பளம் இருப்பதால் துணிந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு நாவலை மனதில் முழுசாகப் பிடித்து வைத்திருக்க நீளமான, குறுக்கீடு இல்லாத நாட்கள் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் எழுதுவது மறுநாள் காலையில் வேறு யாரோ எழுதியது போல இருக்கும். அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டு வெளியே வந்துதான் முழுநேரம் எழுதினார். ஜெயகாந்தன் எந்த ஆபீசுக்குப் போனார்?

புரூஃப்பெரியவர்:
தம்பி, அசோகமித்திரனை இழுத்ததால் வருகிறேன். திருவல்லிக்கேணி அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்தே காலம் போனவன் நான்.

அவர் ஜெமினியை விட்டது உண்மை. விட்டபின் சொகுசாக உட்கார்ந்து எழுதவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டுரை, மதிப்புரை, பத்தி என்று ஓயாமல் எழுதினார், கணையாழி இதழை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டார். நெருக்கடியில்தான் குடும்பம் நடந்தது. ஜெயகாந்தன் எழுதிய காலத்தில் வார இதழ்கள் லட்சக்கணக்கில் விற்றன, ஒரு கதை வந்தால் ஊரே பேசும், சன்மானமும் வரும். இன்று வார இதழில் கதைக்கு ஒதுக்கும் பக்கத்தை விரல் விட்டு எண்ணலாம். அந்தத் தரை இப்போது இல்லை, அதில் நின்றவரை மட்டும் உதாரணம் காட்டக் கூடாது.

வேலையில் இருந்துகொண்டே எழுதியவர்களைப் பாருங்கள். சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர், வாக்குப்பதிவு இயந்திரம் உருவான குழுவில் இருந்தவர். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தவர். தோப்பில் முஹம்மது மீரான் வியாபாரி. ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்திருந்தார், அந்தத் தெருவையே எழுதினார். இமையம் பள்ளி ஆசிரியர். சுஜாதா தவிர மற்ற நால்வரும் சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர்கள். மாதவன் கடையை மூடிவிட்டு எழுத உட்கார்ந்திருந்தால் எதை எழுதியிருப்பார்?

வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் அம்மா. கி. ராஜநாராயணன் முப்பது தாண்டித்தான் கதை எழுதவே ஆரம்பித்தார். கரிசல்காட்டு விவசாயி. பள்ளிக்கூடமே சரியாக முடிக்காதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் ஆக்கியது.

பயிற்சி பற்றி. எழுத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்கிற ஜாதி இல்லை நான். திருத்துவதைச் சொல்லிக் கொடுக்க முடியும். தமிழில் பல பதிப்பகங்களில் எடிட்டர் என்று ஒருவர் கிடையாது. மெய்ப்புப் பார்ப்போம், ஒற்றுப் போடுவோம், அவ்வளவுதான். "இந்த மூன்றாம் அத்தியாயம் எதற்கு?" என்று எழுத்தாளரிடம் கேட்க ஆள் இல்லை. ஒரு வகுப்பு அந்த வேலையைச் செய்தால் காசு கொடுக்கலாம். அவர்களிடம் கேளுங்கள்: ஒரு குழுவில் எத்தனை பேர்? நான் எழுதித் தருவதை யார் படிப்பார்? படித்துத் திருத்திய பழைய மாணவர் பக்கம் ஒன்றைக் காட்ட முடியுமா?

குளிர்ப்பிரதேசம்:
இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக்கொண்டு, மாலை நேர எழுத்து வகுப்புக்குப் போனவள். இங்கே இது பெரிய பழக்கம். கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1970இல் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் படைப்பெழுத்துக்கு முதுகலைப் படிப்பு தொடங்கினார்கள், முதல் மாணவர் இயன் மெக்கீவன். கசுவோ இஷிகுரோவும் அங்கே படித்தவர், பிற்பாடு நோபல் வாங்கினார். அமெரிக்காவில் அயோவா பட்டறை 1936லேயே வந்துவிட்டது. விளம்பரங்களில் இந்தப் பெயர்களைத்தான் காட்டுவார்கள். அதே வகுப்பில் படித்து ஒரு புத்தகமும் வராமல் போனவர்களை யாரும் காட்டுவதில்லை. புத்தகம் வந்தவர்களிலும் பாதிப் பேர் வாடகை கொடுப்பது இன்னொரு ஊரில் இதே வகுப்பை எடுத்துத்தான்.

அசோகமித்திரன் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். அவரும் 1973இல் அயோவா போனார். ஆனால் படிக்க இல்லை. பல நாட்டு எழுத்தாளர்களை அழைத்துத் தங்க வைக்கும் வேறொரு திட்டம் அது. அவர் அப்போதே எழுத்தாளர்.

எங்கள் வகுப்பில் நடந்தது இதுதான்: வாரம் இருவர் தங்கள் பக்கங்களை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். மற்றவர்கள் படித்து, ஓரத்தில் குறித்துக்கொண்டு வருவார்கள். பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. "நான் சொல்ல வந்தது என்னவென்றால்" என்று ஆரம்பித்தாலே ஆசிரியர் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். முதல் முறை அழுகையே வந்தது. பக்கத்தில் இல்லாததை வாயால் சொல்லி நிரப்ப முடியாது என்று புரிந்தது அங்கேதான். ஆசிரியரின் விரிவுரைகள் எதுவும் இப்போது நினைவில் இல்லை. உங்கள் ஜூம் வகுப்பில் இது உண்டா, அல்லது இரண்டு மணி நேரமும் ஒருவரே பேசுகிறாரா?

காவிரிக்கரை:
ஒருவரே பேசுகிறார் என்றுதான் நினைக்கிறேன். மாதிரி வகுப்பு ஒன்றில் உட்கார்ந்தேன். முன்னூறு பேர் இருந்தார்கள். சாட்டில் இதயமாகக் கொட்டியது.

விடியற்கோழி:
முன்னூறு பேரா! அது வகுப்பு இல்லை, பொதுக்கூட்டம். இதற்குப் பணம் கட்டாதீர்கள் என்று நானும் சொல்கிறேன். வேலையை விடுங்கள் என்பதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

எபிசோடுராஜா:
சீரியல் வசனக் குழுவில் இருக்கிறேன், அதனால் தொழில் மாறுவது பற்றி மட்டும். எழுதிப் பிழைக்கத் தமிழில் வழி இருக்கிறது, நாவலில் இல்லை. சீரியல் வசனம், வெப் சீரிஸ், சப்டைட்டில், மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், யூடியூப் சேனலுக்கு ஸ்கிரிப்ட். எங்களுக்கு எபிசோடு கணக்கில் காசு. வாரம் ஆறு எபிசோடு போகும், காலை ஷூட்டிங்குக்கு ராத்திரி சீன் அனுப்புவோம். ஹீரோயினுக்குக் காய்ச்சல் என்றால் பத்து மணிக்கு மேல் கதையே மாறும். டிஆர்பி சரிந்தால் உடனே ஆள் மாற்றிவிடுவார்கள். பி.எஃப். கிடையாது, போனஸ் கிடையாது.

ஒரு விஷயம் உங்களுக்கு வலிக்கலாம். நாள் முழுக்க எழுத்து வேலை பார்த்துவிட்டு வந்து சொந்தமாக எழுதுவது, நாள் முழுக்க நகைக்கடன் பார்த்துவிட்டு எழுதுவதைவிடக் கஷ்டம். எங்கள் குழுவில் நாலு பேர் நாவலோடு வந்தார்கள். நாலும் லேப்டாப்பில் கிடக்கின்றன.

தேனிக்காரன்:
அமேசான் கிண்டிலில் மின்நூலாக நேரடியாகப் போடலாமே? 70 சதவீதம் ராயல்டி என்கிறார்களே.

விடியற்கோழி:
போடலாம், நானே போட்டிருக்கிறேன். தமிழை ஏற்கிறது, அச்சுச் செலவு இல்லை. ஆனால் இந்திய விற்பனைக்கு அந்த 70 கிடைக்க அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் அந்த மின்நூலை வேறு எங்கும் விற்கக் கூடாது, உங்கள் வலைப்பூவில்கூடப் போட்டு வைக்கக் கூடாது. சேராவிட்டால் 35. திகில், குடும்பக் கதை, தொடர் வரிசையாக எழுதுகிறவர்களுக்கு ஓரளவு ஓடுகிறது. நகைக்கடன் கவுண்டர் நாவலுக்கு அச்சுப் புத்தகம்தான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. விமர்சனமும் விருதும் இன்னும் காகிதத்தைத்தான் பார்க்கின்றன.

காவிரிக்கரை:
பெரியவர் சொன்ன மூன்று கேள்விகளையும் அனுப்பினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. திருத்திய பக்கத்தைக் காட்டச் சொன்னதற்கு, முடித்தவர்களுக்குக் கொடுக்கும் சான்றிதழின் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். கூடவே ஒப்பந்த நகலும் வந்தது. கடன் பத்திரம் படித்துப் பழகிய கண் என்பதால் சில வரிகள் உறுத்துகின்றன. "படைப்பின் அனைத்து உரிமைகளும் நிறுவனத்தைச் சேரும்." "ஆசிரியருக்கு 30 பிரதிகள்." "நிகர லாபத்தில் 50 சதவீதம் ராயல்டி." 50 என்பது 10ஐ விட நல்லதுதானே?

வக்கீல்குமாஸ்தா:
இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இந்த ஒப்பந்தத்தைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

விலையில் 10 சதவீதம் என்றால் அட்டையில் இருக்கும் எண்ணை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். "நிகர லாபம்" என்றால் அவர்கள் எந்தச் செலவையெல்லாம் கழிக்கிறார்களோ அதற்குப் பிறகு மிஞ்சுவது. வெளியீட்டு விழா பேனர், முகநூல் விளம்பரம் எல்லாம் செலவுதான். பூஜ்யத்தில் 50 சதவீதமும் பூஜ்யம்.

"அனைத்து உரிமைகளும்" என்பது இதைவிட ஆபத்து. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படியுங்கள். உரிமையை மாற்றிக் கொடுத்தால் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, ராயல்டி எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது உங்களிடமே திரும்பிவிடும். பதிப்புரிமை ஆசிரியர் ஆயுளும் அதற்குப் பின் 60 வருடமும் நீடிக்கும் சொத்து, உங்கள் பேரன் வரைக்கும் வரும். அச்சுப் புத்தக உரிமை, தமிழில், இத்தனை வருடத்துக்கு, இதை மட்டும் கொடுங்கள். மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா ஒவ்வொன்றும் தனித்தனி. மொழிபெயர்ப்பைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சி 2023இல் தொடங்கியபின் தமிழிலிருந்து வெளியே போகும் புத்தகங்களுக்கு அரசு மானியமும் தருகிறது.

இரண்டாம்பாரம்:
பதிப்பாளர் கட்சியில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை. எங்களில் பலர் ஒப்பந்தமே போடுவதில்லை, வாய்வார்த்தைதான். அது எழுத்தாளருக்கு நல்லதில்லை. ஆனால் இந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு வாய்வார்த்தையே தேவலை.

காவிரிக்கரை:
சரி, அந்தப் பயிற்சிக்கு முழுக்குப் போட்டாயிற்று. வேலையை விடுவதையும் தள்ளி வைக்கிறேன், விடியற்கோழி கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. இதுவரை அந்த நாட்கள் துணி துவைப்பதிலும் உறவினர் வீட்டு விசேஷங்களிலும் போய்க்கொண்டிருந்தன. இனி அந்த இரண்டு நாளும் மாமியார் வீட்டு மாடி அறை எனக்கு என்று வீட்டில் பேசி முடித்துவிட்டேன்.

ஆனால் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே. நல்ல வகுப்பு எங்கே இருக்கிறது?

புரூஃப்பெரியவர்:
காசு கொடுக்காமலே இருக்கிறது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச) சிறுகதைப் பயிற்சி முகாம்கள் நடத்துவது உண்டு, கிளைக் கூட்டங்களில் கதை வாசித்தால் முகத்துக்கு நேரே சொல்வார்கள். திருச்சியில் வாசகர் வட்டங்களுக்கும் பஞ்சமில்லை. முதலில் ஒரு அத்தியாயத்தைச் சிறுகதையாக நிற்கிற மாதிரி வெட்டி இணைய இதழ்களுக்கு அனுப்புங்கள். சொல்வனம், மலேசியாவிலிருந்து வரும் வல்லினம் மாதிரி இதழ்களில் அறிமுகமில்லாதவர் எழுத்தையும் படிக்கிறார்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள், அது மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள்.

குளிர்ப்பிரதேசம்:
நானும் இன்னொருவரும் மாதம் ஒருமுறை பக்கங்கள் மாற்றிக்கொள்கிறோம். மூன்றாவது ஆளாக வருகிறீர்களா? உங்கள் சனி மாலை எனக்கு மதியம். பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்ற விதி இங்கேயும் உண்டு.

காவிரிக்கரை:
வருகிறேன், பயமாகத்தான் இருக்கிறது. இன்னொரு சந்தேகம். வேலையில் இருந்துகொண்டே வங்கியைப் பற்றி நாவல் எழுதினால் பிரச்சினை வருமா? கதையில் வருகிற நகைகள் எல்லாம் ஓரளவு நான் எடை போட்டவை.

வக்கீல்குமாஸ்தா:
மத்திய அரசு ஊழியர்களின் நடத்தை விதிகள் இலக்கியப் படைப்புக்குப் பெரும்பாலும் தடை போடுவதில்லை. தனியார் வங்கிக்கு உங்கள் நியமனக் கடிதமும் ஊழியர் விதிகளும்தான் சட்டம். அதில் "வெளி வருமானம்", "ரகசியம் காத்தல்" என்று இருக்கும் பத்திகளை எடுத்துப் படியுங்கள். புத்தகம் வரும் முன் எச்.ஆருக்கு மின்னஞ்சலில் தகவல் கொடுத்துப் பதிலைச் சேமித்து வையுங்கள். வாடிக்கையாளர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. நகை, ஊர், ஏலத் தேதி, குடும்பச் சண்டை நாலும் அப்படியே இருந்தால் சம்பந்தப்பட்டவர் தன்னைக் கண்டுபிடித்துவிடுவார். மூன்று பேருடைய கதையைக் கலந்து ஒருவராக்குங்கள்.

ராயல்டி வர ஆரம்பித்தால் பழைய வரி முறையில் 80க்யூக்யூபி என்று ஒரு கழிவு இருந்தது, இலக்கிய நூல் ராயல்டியில் 3 லட்சம் வரை. புதிய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் கிடையாது. ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம்பாரம்:
3 லட்சம் ராயல்டி வாங்குகிற தமிழ் நாவலாசிரியரை எனக்கும் அறிமுகப்படுத்துங்கள் ஐயா, அடுத்த புத்தகத்தை நான் போடுகிறேன்.

காவிரிக்கரை, முடித்தபின் எனக்கும் அனுப்பலாம். முழு நாவல் வேண்டாம், முதல் 30 பக்கமும் ஒரு பக்கக் கதைச்சுருக்கமும் போதும். யூனிகோடில், வேர்ட் கோப்பாக. பிடிஎஃப் அனுப்பினால் திறக்க மாட்டேன். போடுவேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை, படிப்பேன் என்று மட்டும் சொல்கிறேன். டிசம்பர், ஜனவரி அனுப்பாதீர்கள், அப்போது சென்னைப் புத்தகக் காட்சிக்காக நந்தனத்தில் அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டிருப்பேன்.